இரண்டாம் வாசலின் எண்ணிக்கை

ஹத்தோரி-சான் மூன்றாவது முறையாகக் கூட்டிப் பார்த்தார். விடை மாறவில்லை.

நான்கு பேர் குறைவு.

கூடாரத்துக்கு வெளியே நவம்பர் மழை. மைதானத்துக்குள் முரசு ஓயவே இல்லை. எங்கள் ஊர்க் கால்பந்து அணி இரண்டு கோல் முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடியப் பத்து நிமிடம். பருவத்தின் கடைசி ஆட்டம் இது. ஜெயித்தால் பட்டியலில் இரண்டாம் இடம். இரண்டாம் இடம் என்றால் மேல் பிரிவு. எங்கள் ஊர் பதினோரு வருடம் காத்திருந்தது இதற்காகத்தான்.

ஆனால் கோல் மட்டும் போதாது. சொந்த மைதானத்தில் நடக்கும் பதினைந்து ஆட்டங்களுக்கும் சேர்த்து முப்பதாயிரம் பார்வையாளர்கள் வந்திருக்க வேண்டும். எத்தனை சீட்டு விற்றது என்று யாரும் கேட்பதில்லை. வாசலைத் தாண்டி எத்தனை தலை உள்ளே வந்தது என்பதுதான் கேள்வி.

அதற்குத்தான் உள்ளங்கையில் அடங்கும் இந்தக் கருவி. கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே ஒரு பல் நகர்ந்து எண் ஒன்று கூடும். ஒன்பதிலிருந்து பூஜ்யத்துக்குத் திரும்பும் சக்கரம், போகிற போக்கில் பக்கத்துச் சக்கரத்தை ஒரு பல் தள்ளிவிட்டுப் போகும். எனக்கு அந்தச் சின்ன உதறல் பிடிக்கும். விரலிலேயே தெரியும், பத்து முடிந்தது என்று.

மூன்று வாசல், மூன்று கருவி. இரண்டாம் வாசலில் நான், மூன்றாவதில் தொண்டர்களின் பொறுப்பாளர் ஹத்தோரி-சான். எழுபத்தைந்தாவது நிமிடத்தில் எண்ணிக்கை முடிந்துவிடும். பிறகு வருபவர் ஆட்டம் பார்க்கலாம், கணக்கில் வரமாட்டார். கைக்குழந்தை கணக்கில்லை. ஆட்டக்காரர்கள், நூடுல்ஸ் கடைக்காரர்கள், பச்சை மேலங்கி போட்ட எங்களைப் போன்ற தொண்டர்கள், யாருமே கணக்கில்லை. விதிப் புத்தகத்தின் அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.

இன்று பகலில்கூட, மீன் சந்தை ஓகுரா தொப்பையைத் தட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"குரிமோத்தோ-சான், நான் ரெண்டாள் எடை. ரெண்டு தடவை அமுக்குங்க."

"ஒரு தலைக்கு ஒண்ணுதான். தொப்பையை வெளியே வச்சுட்டு வா" என்றேன்.

முதல் வாசலில் நின்ற நகாய், சலூன் வைத்திருப்பவள். யார் முன்னாலும் வாய் மூடாதவள். இப்போது என் கையைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னாள்:

"நாலே நாலுதான். உங்க விரல் நாலு தடவை வழுக்கிடுச்சுன்னு வச்சுக்கோங்களேன். யாருக்குத் தெரியப் போகுது?"

கருவி இன்னும் என் கையில்தான் இருந்தது. கட்டைவிரல் தானாகப் பொத்தான் மேல் போய் உட்கார்ந்தது.

ஹத்தோரி-சான் நிமிரவில்லை. "அவர் விரல் வழுக்காதும்மா. வழுக்காதுன்னுதானே அவரை வாசல்ல நிறுத்தினேன்."

நான் கருவியை மேசையில் வைத்தேன்.

அவர் படிவத்தில் எழுதினார்: 29,996. மை காயட்டும் என்று சற்று நேரம் ஊதினார். கால்பந்துச் சங்கத்து அதிகாரி வந்தார். எண்ணைப் பார்த்தார். எங்கள் மூவருக்கும் தலை குனிந்து வணங்கிவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு போனார்.

கடைசி விசில் ஒலித்தது. ஊரே ஒரே குரலாகக் கத்தியது. ஓகுராவின் குரல் தனியாகக் கேட்டது, அழுதுகொண்டே பாடினான். அவர்களுக்கு இன்னும் தெரியாது.

நகாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் ஈர மேலங்கியைக் கழற்றி நான்காக மடித்தேன். உள்ளே சட்டைப் பையில் பருவம் முழுவதற்குமான இரண்டு நுழைவு அட்டைகள். அடுத்தடுத்த இருக்கைகள். ஒவ்வொரு அட்டையிலும் பதினைந்து கட்டங்கள். பார்க்க வந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சிவப்பு முத்திரை.

ஒன்று என் மனைவி ஃபுசாயேயுடையது. ஒன்பது முத்திரைகள். ஜூலைக் கடைசியில் அவள் இறந்துபோனாள். மீதி ஆறு கட்டம் வெள்ளை.

மற்றது என்னுடையது. பக்கத்து இருக்கையைக் காலியாகப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. அணியை விட்டுப் போகவும் மனமில்லை. ஆகஸ்டில் ஹத்தோரி-சானிடம் போய், ஏதாவது ஒரு வேலை கொடுங்கள், நின்றுகொண்டே செய்கிற வேலையாக இருக்கட்டும் என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் ஒரு பச்சை மேலங்கியையும் இந்தக் கருவியையும் கொடுத்தார். மேலங்கி போட்டவருக்கு முத்திரை கிடையாது.

என் அட்டையிலும் ஆறு கட்டம் வெள்ளை.