கை ஆட்டாத ரசிகை

முதல் வரிசையில் ஒரே ஒரு ரசிகை மட்டும் கையை ஆட்டவில்லை. ஒத்திகை தொடங்கியதிலிருந்தே டிவி அரங்கத்தைக் கவனித்துக்கொள்ளும் ஃப்ளோர் மேனேஜரின் பார்வை அந்த அம்மாள் மேல்தான் இருந்தது.

அறுபதைத் தாண்டியவர். ராக் இசைக்குழுவின் பெயர் போட்ட கறுப்பு டி-சர்ட் அணிந்திருந்தார். புத்தம் புதியது, கழுத்துக்குப் பின்னால் விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டரைப் பார்க்க வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, இது நேரடி ஒளிபரப்பு," என்றார் மேனேஜர். "'அலை, அலை'ன்னு வரும்போது எல்லாரும் கையைத் தூக்கி அலை மாதிரி ஆட்டணும். கேமரா முதல்ல உங்க மேலதான் வரும். நீங்க மட்டும் கம்பம் மாதிரி உட்கார்ந்திருந்தா எப்படி?"

"எனக்கு ஆட்டப் பிடிக்கலை."

"பிடிக்கலைன்னா கடைசி வரிசையில இடம் இருக்கு."

அம்மாள் கைப்பையை இறுக்கிப் பிடித்தார். "இங்கதான் இருப்பேன் தம்பி. அந்தப் பாடகன் கண்ணுல நான் படணும்."

பக்கத்து இருக்கையில் இருந்த பச்சை முடிக்காரி சிரித்துவிட்டாள். "எனக்கும் அதே ஆசைதான் ஆன்ட்டி. வரிசையில வாங்க." பிறகு மேனேஜரிடம் திரும்பினாள். "விடுங்கண்ணா, பாவம். காலையில கேட் திறக்கிறதுக்கு முன்னாடியே வந்து நிக்கிறாங்க. அவங்களுக்கும் சேர்த்து நானே ரெண்டு கையாலயும் ஆட்டுறேன்."

"நீ ஏற்கெனவே ரெண்டு கையாலதான் ஆட்டுறே," என்றார் மேனேஜர். "அம்மா, சொல்லிட்டேன். பாட்டுல கை ஏறலைன்னா உங்களைப் பின்னாடி மாத்திடுவேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

அந்தப் பாட்டுக்குப் பெயர் 'கரை'. எந்தக் கச்சேரியிலோ யாரோ ஒருவர் 'அலை, அலை' என்ற இடத்தில் கையை ஆட்டப்போக, அது எங்கும் பரவி, இப்போது பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சின்னப் பிள்ளைகள்கூட ஆட்டுகிறார்கள். பேட்டிகளில் அதைப் பற்றிக் கேட்டால் பாடகன் சிரிப்பதோடு சரி.

சிவப்பு விளக்கு எரிந்தது. குழு மேடையேறியது. கண் கூசும் வெளிச்சத்தில் பாடகன் மைக்கைப் பிடித்து, "உங்களையெல்லாம் பார்த்ததுல ரொம்ப மகில்ச்சி!" என்றான்.

"மகில்ச்சி!" என்று அரங்கமே திருப்பிக் கத்தியது. அவன் அப்படிச் சொல்வது ஒரு ஸ்டைல். பச்சை முடிக்காரி அதைத் தன் டி-சர்ட்டிலேயே அச்சடித்து வைத்திருந்தாள்.

"மகிழ்ச்சி," என்று அம்மாள் வாய்க்குள் திருத்தினார்.

"நீங்க தமிழ் டீச்சரா ஆன்ட்டி?"

"இல்லை. கணக்கு."

இரண்டு பாட்டு முடிந்தது. பாடகனின் கண்கள் முதல் வரிசையை ஒருமுறைகூடத் தொடவில்லை. முகத்தில் அடிக்கும் அவ்வளவு வெளிச்சத்தில் கீழே இருப்பவர்கள் தெரிய வாய்ப்பும் இல்லை. அம்மாள் இருக்கையின் நுனிக்கு வந்திருந்தார்.

மூன்றாவதாக அந்தப் பாட்டு.

*கரையில் நிற்கிறேன், அலை, அலை!*
*ஒருமுறை போதுமே, அலை, அலை!*

அரங்கம் கடலானது. நூற்றுக்கணக்கான கைகள் எழுந்து விழுந்தன. கேமரா முதல் வரிசையில் வழுக்கிக்கொண்டு வந்து, மடியில் கை வைத்திருந்த ஒருவரிடம் வந்ததும் தடுமாறியது.

மேனேஜர் குனிந்தபடியே ஓடி வந்தார். "எழுந்திருங்கம்மா, பின்னாடி போகலாம்."

"இந்தப் பாட்டு மட்டும் முடியட்டும் தம்பி."

"முடிஞ்சப்புறம் மாத்தி என்ன பிரயோஜனம்? எழுந்திருங்க."

அம்மாள் எழுந்தார். அந்த நேரம் பார்த்து வாத்தியங்கள் எல்லாம் நின்றன. வழக்கம்போல ரசிகர்கள் பாடட்டும் என்று பாடகன் மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டினான். கூட்டம் மூச்சை இழுத்தது.

"வீட்டுக்கு வாடா!"

கடைசி பெஞ்சுக்கும் கேட்டுப் பழகிய குரல் அது. எழுந்த கைகள் பாதியிலேயே நின்றன. பாடகன் நெற்றிக்கு மேல் கையை வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு கீழே பார்த்தான். மைக் பிடித்திருந்த கை மெல்ல இறங்கியது. டிரம்ஸ்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு தட்டு தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மேனேஜரின் காதில் மாட்டியிருந்த கருவிக்குள் யாரோ அலறினார்கள். விளம்பரம் போடப்பட்டது.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க! பெத்த பிள்ளையைக் கூப்பிடுற மாதிரி..."

"பெத்தவதான்," என்றார் அம்மாள். "அவங்கப்பா தவறினப்போ கச்சேரியை விட்டுட்டு வரலை. நானா கூப்பிடுற வரைக்கும் வாசப்படி மிதிக்காதேன்னு சொல்லிட்டேன்."

பச்சை முடிக்காரி தூக்கிய கைகளை இறக்க மறந்து நின்றாள்.

"அதுக்கு உங்களுக்கு இந்தப் பாட்டுதானா கிடைச்சுது?" மேனேஜருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. "ஊரே அலையைப் பத்திப் பாடிக்கிட்டிருக்கு, நடுவுல போய்..."

மேடையிலிருந்து பாடகன் குதித்து இறங்கிக்கொண்டிருந்தான். அம்மாள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அது அலை இல்லை தம்பி, அழை. அவனுக்கு ழ வராது."