சாக்பீஸ் கோடு

"உங்க அண்ணி நம்ம வெங்காயத்தைத் திருடுறாங்க!"

சாப்பிட உட்கார்ந்த சின்னவன், சோறு போட்ட மனைவி சின்னவளை நிமிர்ந்து பார்த்தான். "உளறாதே."

"மூணு நாளா பார்க்கிறேன். மத்தியானம் எல்லாரும் கண்ணசர்ற நேரமாப் பார்த்து கொட்டகைக்குள்ள போறாங்க. வரும்போது கூடை நிறைய இருக்கு, மேலே சாக்கு போட்டு மூடி. கேட்டா, 'சும்மாதான் போனேம்மா'ன்னு ஒரு சிரிப்பு!"

விலை பாதாளத்துக்குப் போன வருஷம் அது. விற்றால் லாரி வாடகைகூடத் தேறாது என்று அண்ணனும் தம்பியும் விளைந்ததை ஒரே கொட்டகையில் கொட்டி, நடுவே பலகை அடித்திருந்தார்கள். விலை ஏறினால்தான் சின்னவளின் மகளுக்குக் கல்லூரி. 'ஒரு கூடை அழுகினாலும் இவ படிப்புக்கு முழுக்குதான்' என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சின்னவள் புலம்பிக்கொண்டிருந்தாள்.

"அவங்க பக்கமே மலையாட்டம் கிடக்கே. நம்மளுது எதுக்குடி?"

"ஆமா, அண்ணியைச் சொன்னா உங்களுக்குப் பொறுக்காதே!"

இவரிடம் பேசிப் பயனில்லை. மகளின் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். தன் குவியல் நின்ற உயரத்துக்குச் சுவரில் ஒரு கோடு இழுத்தாள். குறையட்டும், வச்சுக்கிறேன்!

அப்புறம் பத்து நாள் களையெடுப்பில் தலை நிமிர முடியவில்லை. பதினோராம் நாள் மத்தியானம், தூங்குகிற மாதிரி படுத்திருந்துவிட்டு நைசாகப் பெரியவளின் பின்னாலேயே போய், கூடையோடு வெளியே வந்தவளைக் கொட்டகை வாசலில் மறித்தாள்.

"கூடையைக் கீழே வைங்கக்கா!"

பெரியவள் கூடையை இறுக்கிப் பிடித்தாள். "நீ தூங்கலியா?"

"நான் தூங்கினா கொட்டகையே காலியாயிடும் போலிருக்கே!"

சின்னவள் சாக்கை வெடுக்கென்று இழுத்தாள். குப்பென்று நாற்றம். கூடை முழுக்க அழுகல்.

"உன் பக்கம் கூரைத் தகரம் ஒழுகியிருக்கு. அப்படியே விட்டா மத்ததும் அழுகிடும்னு பொறுக்கி எடுத்தேன்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா பொண்ணு படிப்பை நிறுத்திடுவே. உன்னைத் தெரியாதா எனக்கு?"

சின்னவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தினம் ஒரு கூடை போயிருந்தால் குவியல் பாதிக்கு இறங்கியிருக்க வேண்டுமே? கையும் களவுமாகப் பிடிக்கிற வேகத்தில் உள்ளே ஓடி, சுவரைப் பார்த்தாள்.

கோட்டைக் காணோம். நல்ல வெங்காயம் அதை மூடிக்கொண்டு நின்றது.

பலகைக்கு அந்தப் பக்கம், பெரியவளின் குவியலில்தான் பெரிய பள்ளம் விழுந்திருந்தது.