இளவழகன் உட்கார்ந்தால் எரியும் விளக்கு

காரில் எச்சரிக்கை விளக்கு மஞ்சளாக எரிந்தது. மெக்கானிக்கான பூங்கோதை வீட்டு வாசலிலேயே பானெட்டைத் திறந்து, ஒரு சென்சாரைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். அவள் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தபோது விளக்கு எரியவில்லை. கணவன் இளவழகன் உட்கார்ந்ததும் மறுபடி எரிந்தது.

“உனக்கு மட்டும் அடங்குது பாரு,” என்று சிரித்தான்.

அவள் கோளாறு காட்டும் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தாள். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. இந்தப் புது வண்டிகள் ஸ்டியரிங் பிடிக்கிறவரின் நாடியையும் பார்க்கும், அது பிசகினாலும் இதே விளக்கை எரியவிடும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“இறங்குங்க. நான் ஓட்டுறேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“எனக்கு ஒண்ணுமில்லடி.”

“இருக்கட்டும், வாங்க.”

இதயத்தில் பெரிய அடைப்பு. உடனே ஸ்டென்ட் வைத்தார்கள். “நாளைக்குன்னு விட்டிருந்தா கஷ்டம்மா,” என்றார் டாக்டர்.

வார்டுக்கு வந்த இளவழகன், கிரீஸ் கறை போகாத அவள் கையை இழுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டான்.