நாற்பத்தொரு சீட்டு

பேராசிரியர் சாக்பீஸ் டப்பாவைக் கவிழ்த்தார். நாற்பத்தொரு சீட்டுகள் மேசைமேல் விழுந்தன.

வகுப்பில் நாங்கள் நாற்பத்தொரு பேர். பொருளாதாரமும் உலக நிதியும், கடைசி வருஷம். வெளிநாட்டு வங்கி ஒன்றில் ஓராண்டுப் பயிற்சிக்கு இடம் வந்திருந்தது. ஒரே ஓர் இடம்.

பரீட்சை வைத்தால் சிபாரிசு நுழையும் என்று பேராசிரியர் ஓட்டு வைத்துவிட்டார். அதுவும் சந்தை பாணியில்.

"யாரைப் பிடிக்கும்னு எழுதாதீங்க. யாருக்கு நிறைய ஓட்டு விழும்னு தோணுதோ, அந்தப் பேரை எழுதுங்க."

நிறைய ஓட்டு வாங்கியவர் விமானம் ஏறலாம். சரியாக ஊகித்தவருக்குப் பத்து மதிப்பெண். தன் பெயரையே எழுதிக்கொள்ளவும் தடையில்லை.

எனக்கு அந்த விமானம் வேண்டும். ஆனால் டாலர் இருந்தான்.

எப்போதும் ஏறுமுகத்தில் இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். அவன் வாயைத் திறந்து பணவீக்கம் என்றால் கேன்டீனில் டீ விலை ஏறிவிடும். மிகையில்லை, இரண்டு தடவை ஏறியது.

அவன் பேச எழுந்தால் எங்கள் வகுப்பு மின்விசிறி கடகடப்பதை நிறுத்திக்கொள்ளும். நான் எழுந்தால் கூடுதலாகக் கடகடக்கும்.

பொறாமையில் ஒரே பருவத்தில் நாலு கிலோ இளைத்தேன். சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்து வைக்கலாம்.

நாற்பது பேரும் அவன் பெயரைத்தான் எழுதுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் பெயரை எழுதினால் விமானமும் போச்சு, மதிப்பெண்ணும் போச்சு.

நான் பாடத்தை ஒழுங்காகப் படித்தவன். ஒரு பக்கம் நஷ்டம் நிச்சயம் என்றால் எதிர்ப்பக்கம் கொஞ்சம் போட்டு வைக்கவேண்டும். ஹெட்ஜிங், நாலாவது அத்தியாயம்.

பல்லைக் கடித்துக்கொண்டு 'டாலர்' என்று எழுதி, சீட்டை எட்டாக மடித்துச் சாக்பீஸ் டப்பாவில் போட்டேன்.

பேராசிரியர் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கரும்பலகையில் கோடு போட்டார்.

முதல் பெஞ்சுக்காரிக்கு ஒன்று. தூங்குமூஞ்சிக்கு ஒன்று. மூன்று வருஷமாக வகுப்புக்கே வராதவன் அன்று வந்திருந்தான், அவனுக்கும் ஒன்று.

முப்பத்தொன்பது பேருக்குத் தலைக்கு ஒன்று.

டாலருக்கு இரண்டு.

எனக்கு ஒன்றுமில்லை.

படித்த பிள்ளைகள் அல்லவா, கணக்குப் போட அரை நிமிஷம் எடுத்தார்கள். பிறகு நாற்பது தலைகளும் ஒன்றாக என் பக்கம் திரும்பின.

டாலர் பெஞ்சைத் தாண்டி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான். கண்ணெல்லாம் தண்ணீர்.

"எல்லாரும் அவங்கவங்க பேரை எழுதிக்கிட்டோம்டா, நான் உள்பட. நீ ஒருத்தன்தான்… உனக்கு எவ்வளவு பெரிய மனசுடா!"

யாரோ கைதட்டினார்கள். அது பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எழுந்து நின்று தட்டினார்.

கைதட்டல் ஓயவேயில்லை.

டாலர் ஒருமுறை வகுப்பைச் சுற்றிப் பார்த்தான். விமானம் ஏறப்போகிறவனுக்காக ஒருவரும் தட்டவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். என் தோளில் இருந்த அவன் கை மெல்லக் கீழே இறங்கியது.

நான் இன்னும் கொஞ்சம் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.