சான் இசித்ரோ கோயில் சாவி

“சாவியைத் தொலைக்க என் மக கல்யாண நாள்தானா கெடைச்சுது உனக்கு?”

எலோய்சா போட்ட சத்தத்தில் மரத்துக் காக்கைகள் பறந்தன. நியூ மெக்சிகோ மலையடிவாரத்தில், ஸ்பெயின் ராஜா காலத்திலேயே உழவர்களின் புனிதர் சான் இசித்ரோவுக்கு ஊர்கூடி மண் குழைத்துக் கட்டிய சின்னக் கோயில் அது. அவள் குடும்பத்தில் எல்லோரும் மோதிரம் மாற்றியது அங்கேதான். இன்று பூட்டிய கதவுக்கு வெளியே மணப்பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

“வீடு பூரா தேடிட்டேன். காணோம்,” என்றார் அமடேயோ. இந்த வருஷம் கோயில் சாவி அவர் பொறுப்பு.

“அப்ப கதவை ஒடை!”

“எத்தனை தலைமுறை பார்த்த கதவு, தாயி! அந்த மரத்தடியில நடத்திக்கலாமே. சாமியாரும் சரின்னுட்டாரு.”

“நான் சிமெண்ட் பூசுன கோவம் இன்னும் தீரலையா, அண்ணே?”

அதுதான் விஷயம். வருஷாவருஷம் ஊர்ப்பெண்கள் சேறும் வைக்கோலும் குழைத்துச் சுவருக்குப் பூசுவது வழக்கம். அந்தப் பாடு போதுமென்று எலோய்சாதான் முன்னின்று சிமெண்ட் பூச வைத்தாள். “மண்சுவர் மூச்சு விடணும். சிமெண்டுக்குள்ள ஈரம் தங்கிச் சுவரே கரையுது,” என்று அமடேயோ அன்றிலிருந்து கரடியாய்க் கத்துகிறார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வேறு வழியில்லாமல் மரத்தடியிலேயே கல்யாணம் நடந்தது. சாமியார் ஆசி சொல்லி முடிக்கும் நேரம், எதிரே மடமடவென்று சத்தம். வடக்குச் சுவர் உத்தரங்களோடு கோயிலுக்குள்ளேயே சரிந்தது. மணமக்கள் நின்றிருக்க வேண்டிய இடத்தில் ஆள் உயரத்துக்கு மண்.

எலோய்சா மகளை இறுகக் கட்டிக்கொண்டாள். பிறகு ஓடிப்போய் அமடேயோவின் கைகளைப் பிடித்து முத்தமிட்டாள்.

“உன் மறதி நல்லா இருக்கணும், அண்ணே! என் குலத்தையே காப்பாத்திடுச்சு. இனிமே சேறுதான். என் கையாலயே பூசறேன்.” சட்டென்று அவள் முகம் மாறியது. “ஐயோ, சான் இசித்ரோ! நேத்து சாயங்காலம்தானே காகிதப்பூ மாலை போட்டுக் கும்பிட்டுட்டு வந்தேன். உள்ள மாட்டிக்கிட்டாரே!”

“அழாதே,” என்ற அமடேயோ தலையைச் சொறிந்தபடி தன் வண்டிக்குப் போனார்.

முன் இருக்கையில் பெல்ட் மாட்டி உட்கார வைத்திருந்த கம்பளி மூட்டையைத் தூக்கிவந்து அவள் கையில் கொடுத்தார். பிரித்தால், நேற்றைய காகிதப்பூ மாலை கசங்காமல் சான் இசித்ரோ சிரித்துக்கொண்டிருந்தார்.