ஏழாம் எண் டீச்சர்

"இன்னைக்கும் அந்த ஏழாம் எண் டீச்சரைத்தான் பார்த்தீங்களா?" மனைவி தட்டை ணங்கென்று வைத்தாள்.

"பார்க்காம? பொருளாதார டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் நான். பல ஸ்கூல்ல வகுப்பை வீடியோ எடுத்து ஆராய்ச்சி பண்றோம். அவங்களை அடிச்சுக்க ஆளே இல்ல. நீயும் அதே பாடம்தானே எடுக்கிறே, பார்த்துக் கத்துக்கோயேன்."

அவளுக்கு வயிறு எரிந்தது. இரண்டு வாரமாக இதே புராணம். அவளை ஒரு நாளும் பாராட்டாத வாய் அது.

"ஆள் எப்படி இருப்பா?"

"யாருக்குத் தெரியும்? ஆராய்ச்சி விதிப்படி பேருக்குப் பதிலா எண் போட்டு, முகத்தை மறைச்சு, குரலையும் மாத்தித்தான் எங்க கையில கொடுப்பாங்க."

"அந்த மகராசியைக் காட்டுங்க, நானும் பார்க்கிறேன்."

கணவன் லேப்டாப்பைத் திருப்பினான். முகம் தெரியாத டீச்சர் ஒரு குடையை உயர்த்திப் பிடித்திருந்தாள். அதன் கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் சுற்றியிருந்தது.

"மழை வந்ததும் இதோட விலை ஏன் ஏறுது?" என்று கரகரத்த குரலில் கேட்டாள். வகுப்பே கை தூக்கியது.

"என்னமா சொல்லித் தர்றாங்க பாரு!" அவன் உருகினான்.

மனைவி எழுந்து போய், கதவுக்குப் பின்னால் தொங்கிய குடையை எடுத்து வந்து அவன் மடியில் போட்டாள். உடைந்த கைப்பிடியில் அதே சிவப்பு ரிப்பன்.

"எங்க ஸ்கூலுக்குக் கேமரா வந்துச்சு, இதை வச்சுத்தான் பாடம் நடத்தினேன்னு அன்னைக்கே சொல்ல வந்தேன். 'தலை வலிக்குது, அப்புறம் சொல்லு'ன்னு எழுந்து போயிட்டீங்க."