மெசினா தாண்டாத வான்

றோசமலருக்குக் கிழமை முழுக்க ஒரேயொரு ஓய்வுதான். ஞாயிறு பூசை முடிந்து வந்து, சமைத்துச் சாப்பிட்டு, கட்டிலில் காலை நீட்டுகிற அந்தப் பின்னேரம். மற்ற நாளெல்லாம் மூன்று இத்தாலிய வீட்டுக்கார அம்மாக்களின், அந்தச் சிஞ்ஞோராமாரின், வீடு துடைத்தே இடுப்பு முறிந்துவிடும்.

அந்தப் பின்னேரத்துக்கும் மூன்று ஆம்பிளைகள் சேர்ந்து வேட்டு வைத்தார்கள்.

உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு தொடங்கின கதை அது. அவளுடைய சாப்பாட்டு மேசையில் இத்தாலி வரைபடம் விரிந்து கிடக்கும். சுற்றிவர அவள் புருஷன் கிறிகோரி, சியாகுல்லித் தோடம்பழத் தோட்டங்களில் வேலை செய்கிற சோதிலிங்கம், பிறகு அந்த றோபேட்.

என்ன பெரிய ஆராய்ச்சி? பியர்!

வடக்கே ஊருக்கு ஊர் சின்னச் சின்ன ஆட்கள் தாங்களே பியர் காய்ச்சி விற்கத் தொடங்கியிருக்கிறார்களாம். கிறிகோரி பராமரிக்கிற கிழவரின் மகன் சொன்னானாம். ஆவணியில் தாங்கள் இருக்கிற பலெர்மோவே பூட்டிக் கிடக்கிற லீவுக்கு ஒரு வான் பிடித்து, ஒவ்வொரு இடமாக இறங்கி, ருசி பார்த்துக்கொண்டு போகிறதாம்.

போகிறவர்கள் போகட்டும். றோபேட்டையுமா கூட்டிக்கொண்டு போவார்கள்?

போன வருசம் அவன் மனுசி மன்னாரில் காய்ச்சலில் செத்துப்போனாள். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இல்லாமல் வெளிக்கிட்டால் திரும்பி வரமுடியாது என்று அவன் செத்தவீட்டுக்குப் போகவில்லை. அன்றிலிருந்து, வேலையில்லாத ஞாயிறு வந்தால் குடித்துவிட்டு ஸ்தாசியோனே சென்ட்ராலே றெயில் நிலைய வாசலில் விழுந்து கிடப்பான். கிறிகோரிதான் போய்த் தூக்கிக்கொண்டு வருவார்.

பாவந்தான். ஆனால் அப்படிப்பட்டவனைப் பியர் குடிக்கக் கூட்டிக்கொண்டு போகிற விசர் உலகத்தில் எங்கையாவது உண்டா? ஒருநாள் கேட்டும் பார்த்தாள். உனக்கு விளங்காது, நீ பேசாமல் இரு என்றுவிட்டார் கிறிகோரி.

சரி, போய்த் தொலைகிற நாளாவது வருமா என்றால் அதுவுமில்லை. சோதிலிங்கம் கடற்கரை வழியாகப் போகவேண்டும் என்பார். கிறிகோரி மலைப்பக்கந்தான் கிட்ட என்பார். றோபேட் பென்சிலால் கோடு போடுவான், அழிப்பான், திரும்பப் போடுவான். கோடு, தீவை விட்டு வடக்கே போக மெசினாவில் கப்பல் ஏறுகிற இடத்துக்கு வர இருட்டிவிடும். அடுத்த ஞாயிறு பழையபடி பலெர்மோவிலிருந்து தொடங்குவார்கள். இடையிடையே, "றோசா, இன்னொரு தேத்தண்ணி" என்று குரல் வரும்.

ஆடி முடியும்போது றோசமலருக்குப் பொறுமையும் முடிந்தது. ஒருக்காப் போய் வந்தால் இந்தக் கதைக்கு ஒரு முடிவு வரும், நானும் நிம்மதியாகப் படுப்பேன் என்று யோசித்தாள். அவளுடைய சிஞ்ஞோரா ஒருத்தியின் தம்பி கபோ சந்தையில் மரக்கறி விற்கிறவன்; அவனிடம் ஒரு வான் நின்றது. லீவுக்குச் சும்மாதானே நிற்கப்போகிறது என்று கேட்டாள். ஒருநாள் தன் வீட்டைக் கழுவிவிட்டால் தருகிறேன் என்றான். அலுப்போடு அலுப்பாக அதையும் கழுவிக் கொடுத்தாள்.

அந்த ஞாயிறு, வரைபடத்துக்கு நடுவில் சாவியைப் போட்டாள்.

"இந்தாங்கோ வான். லீவு முடியுமட்டும் வைச்சிருக்கலாமாம். வாற சனிக்கிழமையே வெளிக்கிடுங்கோ."

துள்ளிக் குதிப்பார்கள் என்றுதான் நினைத்தாள். ஒருவரும் சாவியைத் தொடவில்லை. சோதிலிங்கம் கூரையைப் பார்த்தார். றோபேட் இரண்டு கையையும் மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டான். அவன் முகம் செத்துப்போயிருந்தது.

கிறிகோரி அவளுக்குப் பின்னாலேயே குசினிக்குள் வந்தார்.

"ஆர் உன்னை வான் கேட்டது?"

"இவ்வளவு நாளும் வேறை என்னத்தைக் கதைச்சனீங்கள்?"

அவர் கதவைச் சாத்தினார். "போறதுக்கெண்டு ஆர் சொன்னது, றோசா? சும்மா வீட்டை வா எண்டால் அவன் வரமாட்டான். பியர் எண்டபடியால் வந்தவன். வந்த நாள் துடக்கம் ஒரு சொட்டு வாயிலை வைக்கேல்லை. இஞ்சையிருந்து வழி பாக்கிறதிலை அவன்ரை ஞாயிறு போகுது. அவனுக்கு இது தெரியாது. தெரிஞ்சால் ரோசக்காரன், வராமல் விட்டிடுவான்."

றோசமலருக்கு அப்போதுதான் உறைத்தது. உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு ஒருநாளும் கிறிகோரி ஸ்தாசியோனேக்கு ஓடவில்லை. றோபேட்டின் கையில் காசில்லையாக்கும் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள். அட கடவுளே, அவனைக் கொண்டுபோய்த் திரும்பக் குழிக்குள் தள்ளவா அந்த வீட்டை அப்படிக் கழுவினேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கதவைத் திறந்தாள். எதிரே அறைக்குள் கட்டில் தெரிந்தது. ஒருதரம் அதைப் பார்த்தாள். பிறகு தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

"வானுக்குப் பிறேக் சரியில்லையாம். நான் சொல்ல மறந்துபோனன்" என்றபடி மேசைக்கு வந்து சாவியை எடுத்து இடுப்பில் செருகினாள். பச்சைப்பிள்ளைகூட நம்பாத பொய். ஆனாலும் ஒருவரும் மறுத்துக் கேட்கவில்லை. அப்ப அடுத்த வருசம் பார்ப்போம், எதற்கும் வழியை இப்போதே வடிவாகப் பார்த்து வைப்போம் என்றார் சோதிலிங்கம். சொல்லிவிட்டு கிறிகோரியோடு சிகரெட் பிடிக்க வெளியே போனார்.

மேசையில் றோபேட் மட்டும் இருந்தான். அவனுக்குச் சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி வைத்தாள். அவன் மனத்தைத் தேற்ற ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது.

"கவலைப்படாதை தம்பி. வாற ஞாயிறு எப்பிடியும் மெசினாவைத் தாண்டிப்போடுவியள்."

றோபேட் வாசலை ஒருதரம் பார்த்தான். மெசினா வரை போட்டிருந்த கோட்டை மெல்ல அழிக்கத் தொடங்கினான்.

"அவசரப்படுத்தாதேங்கோ அக்கா. எனக்காகத்தான் அண்ணையவை பாடுபட்டு வழியைப் பிழை பிழையாப் போடுகினம். மெசினாவைத் தாண்டினால், பிறகு ஞாயிற்றுக்கிழமையிலை நான் எங்கை போறது?"